அருவி முதல் அடுப்பு வரை: 'க்ராஃப்ட்' என்ற நார்வேச் சொல்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புத்தகங்களுக்கும் நோட்டுகளுக்கும் பிரவுன் ஷீட் அட்டை போடுவது வீடுதோறும் நடக்கும் வேலை. அந்தப் பழுப்புத் தாளை அச்சகத்தாரும் அட்டைப்பெட்டி செய்பவர்களும் கிராஃப்ட் பேப்பர் என்பார்கள். கைவினையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் இது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. கார்ல் டால் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1879-இல் டான்சிக் நகரில், இன்றைய போலந்தின் கதான்ஸ்கில், மரச்சில்லுகளைக் காரக் கரைசலில் வேகவைத்துக் கூழாக்கும் முறையொன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கூழில் செய்த தாள் எளிதில் கிழியவில்லை. வலுவான தாள் என்பதால் க்ராஃப்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு வலிமை என்று பொருள்.

அதே சொல் நார்வே மொழியிலும் இருக்கிறது. வைக்கிங் காலத்துப் பழைய நோர்ஸ் மொழியில் 'க்ராப்டர்' என்று இருந்தது, இன்று 'க்ராஃப்ட்'. ஆங்கிலத்தில் கைவினைக்கு வழங்கும் 'கிராஃப்ட்' இதற்கு ஒன்றுவிட்ட உறவு. பழைய ஆங்கிலத்தில் அதுவும் வலிமையையே குறித்தது. பிறகு வலிமையிலிருந்து திறமைக்கும், திறமையிலிருந்து கைத்தொழிலுக்கும் நகர்ந்துவிட்டது. நார்வேயில் அது வலிமையை விட்டு நகரவில்லை. அங்கேயே நின்றபடி நாலா பக்கமும் கிளைவிட்டது. இயற்பியல் வகுப்பில் அது விசை. மின்சந்தையில் மின்சாரம். அரசிதழில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்த நிலை. தொழிலாளர் அலுவலகத்தில் உழைக்கும் ஆட்கள். சமையலறையில் எலும்பை வேகவைத்து எடுத்த சாறு.

இத்தனை பொருளும் குழம்பாமல் எப்படி நடமாடுகின்றன? வழி எளிது. நார்வே மொழி நம் மொழியைப் போலவே சொற்களை ஒட்டித் தொகை செய்யும். தமிழில் 'மழைநீர்' என்றால் ஒருவகை நீர், 'நீர்வழி' என்றால் ஒருவகை வழி, கடைசியில் நிற்பதுதான் தலை. அங்கேயும் அப்படியே. க்ராஃப்ட் கடைசியில் வந்தால் அது ஏதோ ஒருவகை க்ராஃப்ட்: 'வன்' என்றால் நீர், 'வன்க்ராஃப்ட்' நீர்மின்சாரம். 'டிங்டெ' என்றால் பாரம், 'டிங்டெக்ராஃப்ட்' புவியீர்ப்பு விசை. முதலில் வந்தால் அது இன்னொன்றுக்கு அடைமொழி: 'க்ராஃப்ட்வெர்க்' மின்நிலையம். ஆக, பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும். எப்போதும் அல்ல. 'க்ராஃப்ட்லின்யெ' என்றால் காந்தத்தைச் சுற்றி வரையும் விசைக்கோடும் ஆகலாம், மலைமேல் போகும் உயரழுத்த மின்கம்பியும் ஆகலாம். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். அங்கேதான் க்ராஃப்ட்டுக்கு மிகக் கறாரான பொருள் உண்டு.

ஒரு பொருளைத் தள்ளுவதோ இழுப்பதோ விசை. நியூட்டனின் இரண்டாம் விதியை நார்வே மாணவர்கள் 'க்ராஃப்ட் சமம் நிறை பெருக்கல் முடுக்கம்' என்று படிக்கிறார்கள். மூன்றாம் விதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எனக்குப் பிடிக்கும்: 'க்ராஃப்ட் ஓ மோட்க்ராஃப்ட்', விசையும் எதிர்விசையும். நாம் 'வினை, எதிர்வினை' என்று சொல்லும்போது, அவை இரண்டும் விசைகள்தான் என்று தனியே விளக்கவேண்டியிருக்கிறது. நார்வேப் பெயரிலேயே விளக்கம் இருக்கிறது.

விசையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் அளவுகள் இன்னும் இரண்டு. கிணற்றிலிருந்து பத்து லிட்டர் வாளியை இறைப்பதாக வைத்துக்கொள்வோம். வாளி நீரின் எடையைத் தாங்கிக் கயிற்றை இழுக்கும் விசை ஏறக்குறைய 100 நியூட்டன். கிணறு பத்து மீட்டர் ஆழம் என்றால், வாளி மேலே வந்து சேரும்போது நீங்கள் செலவிட்ட ஆற்றல் 1000 ஜூல். அதை இருபது வினாடியில் இறைத்தீர்கள் என்றால் உங்கள் திறன் 50 வாட். பத்து வினாடியில் இறைத்தால் 100 வாட். விசையும் மாறவில்லை, ஆற்றலும் மாறவில்லை, வேகம் கூடியதால் திறன் மட்டும் இரட்டித்தது. நார்வே மாணவருக்கு இவை முறையே க்ராஃப்ட், எனர்கி, எஃபெக்ட். கடைசிச் சொல்லும் சற்று ஏமாற்றும். அன்றாடப் பேச்சில் அது 'விளைவு' என்று பொருள்படும், பாடத்தில் வாட்டில் அளக்கும் திறன்.

பாடநூலில் இப்படிப் பிரித்து வைத்தாலும், வீதிக்கு வந்தால் கோடு அழிந்துபோகிறது. நார்வேயில் மின்நிலையம் 'க்ராஃப்ட்' உற்பத்தி செய்கிறது, சந்தையில் 'க்ராஃப்ட்' விற்கிறது, விலை மட்டும் கிலோவாட் மணிக்கு இவ்வளவு என்று வருகிறது. கிலோவாட் மணி என்பது நம் மின்கட்டணத்தில் வரும் யூனிட், அதாவது ஆற்றலின் அளவு. விசையின் பெயரைச் சொல்லி ஆற்றலை விற்கிறார்கள்.

இதைத் தவறு என்று சொல்ல நான் தயங்குவேன். சொல்லின் வரலாறு வேறு கதை சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்கூட விசைக்கும் ஆற்றலுக்கும் தனித்தனிப் பெயர் உறுதியாகவில்லை. ஆற்றல் அழிவின்மை விதியை 1847-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியபோது கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'க்ராஃப்ட்டின் அழிவின்மை பற்றி' என்பதே. இன்று நாம் ஆற்றல் என்பதை அவர் க்ராஃப்ட் என்றார். 'எனர்ஜி' என்ற சொல் அறிவியலில் பரவலானது அதற்குப் பிறகுதான். அறிவியல் தன் சொல்லைக் குறுக்கிக்கொண்டது, மக்கள் பழைய அகலத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

நம்மிடமும் இது நடந்திருக்கிறது. பாடநூலில் விசை என்பது நியூட்டனில் அளக்கும் ஒன்று. ஆனால் சோமனூரிலும் பல்லடத்திலும் ஓடுவது விசைத்தறி, கடலுக்குப் போவது விசைப்படகு. அந்த 'விசை'க்கு நியூட்டனோடு தொடர்பில்லை. மின்சாரத்தாலோ எஞ்சினாலோ ஓடுவது என்பதுதான் அங்கே பொருள். விசைத்தறியில் இருக்கும் விசை என்னவோ, க்ராஃப்ட்வெர்க்கில் இருக்கும் க்ராஃப்ட்டும் அதுவே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நார்வேச் சொல்லில் பாதி விளங்கிவிடும்.

குதிரையிலும் இதே கதை. 'ஹெஸ்டெக்ராஃப்ட்' என்றால் சொல்லுக்குச் சொல் குதிரை விசை. அளப்பதோ விசையை அல்ல, திறனை: ஒரு ஹெஸ்டெக்ராஃப்ட் என்பது ஏறத்தாழ 735 வாட். தமிழ்நாட்டுப் பாடநூல் இதைக் குதிரைத்திறன் என்று சரியாகப் பிரித்தது. இலங்கைப் பாடநூலில் இது பரிவலு, ஏனென்றால் அங்கே திறனுக்கு 'வலு' என்றே பெயர். ஆற்றலுக்கு அங்கே 'சக்தி', முடுக்கத்துக்கு 'ஆர்முடுகல்'. இன்னொரு கண்ணியும் உண்டு: தமிழ்நாட்டில் 'நிறை' என்றால் பொருளின் திணிவு, அதாவது ஆங்கிலத்தில் 'மாஸ்', இலங்கையில் 'நிறை' என்றால் எடை. நார்வேயில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து சென்றவர்கள். அங்கே பிள்ளைக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்க உட்காரும் ஒரு பெற்றோர் இந்த மூன்று சொல்வரிசைகளையும் மனத்தில் அடுக்கிக்கொள்ள வேண்டும். எளிய காரியம் இல்லை.

இனி அருவிக்குப் போவோம். க்ராஃப்ட் என்ற சொல்லுக்கு நார்வேயில் இத்தனை கனம் வந்தது அருவியால்தான்.

மேடான நிலம், நிறைய மழையும் பனியும், செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்குகள்: நார்வேயின் செல்வம் இது. கணக்கு எளிது. வினாடிக்கு ஒரு கனமீட்டர் நீர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், இழப்புகளை விட்டுவிட்டால், 980 கிலோவாட் கிடைக்கும். ஒரு மணி நேரம் இறங்கினால் 980 யூனிட். நீரைக் கீழே இழுப்பது டிங்டெக்ராஃப்ட், கம்பியில் வெளியேறுவது வன்க்ராஃப்ட். பாடநூல் பொருளும் வீதிப் பொருளும் ஒரே அருவியின் உச்சியிலும் அடியிலும் நிற்கின்றன. இன்றும் நார்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்து வருகிறது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வளவு மின்சாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே கேள்வியாக இருந்தது. விடை ஒரு விபத்திலிருந்து வந்தது. வடதுருவ ஒளியை ஆராய்ந்த இயற்பியலர் கிறிஸ்டியான் பிர்க்கெலாண்ட் மின்காந்தத்தால் குண்டு எறியும் பீரங்கி ஒன்றைச் செய்துபார்த்தார். 1903-இல் மக்கள் முன் இயக்கிக் காட்டியபோது ஷார்ட் சர்க்யூட் ஆகி, பெரிய மின்வில் ஒன்று, காற்றினூடே பாயும் மின்தீப்பிழம்பு, ஓசையோடு வெடித்தெழுந்தது. பீரங்கி தோற்றது. சில நாட்களில் ஒரு விருந்தில் அவர் பொறியாளர் சாம் எய்டெயைச் சந்தித்தார். எய்டெக்கு வேண்டியது அந்த மின்வில்தான். காற்றிலுள்ள நைட்ரஜனை மின்வில்லின் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்த்தால் நைட்ரிக் அமிலம் செய்யலாம், அதிலிருந்து உரம் செய்யலாம். அதற்கு ஏராளமான மின்சாரம் வேண்டும், அருவிகள் இருக்கின்றன. 1905-இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது. ரியூக்கான் பள்ளத்தாக்கில் வெமோர்க் மின்நிலையம் 1911-இல் இயங்கத் தொடங்கியபோது 108 மெகாவாட் திறனோடு உலகிலேயே மிகப் பெரியதாக இருந்தது. ஒரு மலைப்பள்ளத்தாக்கில் தொழில் நகரமே எழுந்தது. ரியூக்கானும் அதன் தோழமை நகரான நோடோடெனும் 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

அருவியால் காசு வரும் என்று தெரிந்ததும் வெளிநாட்டு முதலாளிகள் அருவிகளை வாங்கத் தொடங்கினர். நார்வே அப்போதுதான், 1905-இல், சுவீடனிடமிருந்து பிரிந்திருந்தது. அரசியல் விடுதலை கிடைத்த கையோடு அருவிகள் பிறர் கைக்குப் போவதா என்ற அச்சம் எழுந்தது. 1906-இல் அவசரமாக ஒரு சட்டம், பிறகு 1909-இலும் 1917-இலும் முழுமையான உரிமச் சட்டங்கள் வந்தன. அவற்றின் இதயம் 'யெம்ஃபால்' என்ற விதி, வீடு திரும்புதல் என்று சொல்லலாம். அன்றைய சட்டப்படி தனியார் அருவியைக் குறிப்பிட்ட ஆண்டுகள் பயன்படுத்தலாம். காலம் முடிந்ததும் அருவியும் மின்நிலையமும் இழப்பீடின்றி அரசுக்கு வந்துசேரும். இன்று நார்வேயின் நீர்மின் உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அரசு, மாவட்டம், நகராட்சி என்று பொது உடைமையாக இருப்பதற்கு இந்த விதி பெரிய காரணம். அரசின் மின் நிறுவனத்துக்குப் பெயர் ஸ்டாட்க்ராஃப்ட், 'அரசு க்ராஃப்ட்'. ஆற்றைக் கொடுத்த ஊருக்கும் பங்கு உண்டு: உற்பத்தியில் பத்து விழுக்காடு வரை அடக்க விலைக்கு அந்த ஊராட்சிக்குத் தரவேண்டும். அதன் பெயர் 'கொன்செஷோன்ஸ்க்ராஃப்ட்', உரிமத்துக்கு ஈடான மின்சாரம். ஒரு சமூகம் தன் இயற்கை வளத்தை நினைக்கும் விதமே ஒரு தொகைச்சொல்லில் அடங்கியிருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

இங்கே ஒரு நுட்பம். வீட்டில் இருப்பவர் மின்சாரத்தைக் க்ராஃப்ட் என்று சொல்வது குறைவு. அவருக்கு அது 'ஸ்ட்ரொம்', ஓட்டம். ஆற்றின் ஓட்டத்துக்கும் கடல் நீரோட்டத்துக்கும் கம்பியில் ஓடுவதற்கும் அதே சொல். 'ஸ்ட்ரொம் போய்விட்டது' என்று அவர் சொல்வதும் 'கரன்ட் போயிடுச்சு' என்று நாம் சொல்வதும் ஒரே உருவகம். உற்பத்தி செய்பவர், சட்டம் எழுதுபவர், சந்தை நடத்துபவர் வாயில்தான் அது க்ராஃப்ட். 1996-இல் நார்வேயும் சுவீடனும் சேர்ந்து இரு நாட்டுக்கும் பொதுவான மின்சந்தையைத் தொடங்கின, அது 'க்ராஃப்ட்' சந்தை. சந்தையில் விலை ஏறினால் வீட்டுக்கு வருவது 'ஸ்ட்ரொம்' பில். ஒரே பண்டம், கைமாறும்போது பெயர் மாறுகிறது.

'ஷார்னெ' என்றால் கரு. 'ஷார்னெக்ராஃப்ட்' ஒருமையில் வந்தால் பெரும்பாலும் அணுமின்சாரம், பன்மையில் 'ஷார்னெக்ரெஃப்டெர்' என்றால் அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் விசைகள். நார்வேயில் வணிக அணுமின் நிலையம் இருந்ததில்லை. ஆய்வு உலைகள் இருந்தன. முதல் உலை ஷெல்லெரில் 1951-இல் இயங்கியது, ஹால்டெனில் இருந்த உலை 2018-இல் மூடப்பட்டது. ஆனால் அணுவின் வரலாற்றில் ரியூக்கானுக்கு இடம் உண்டு. வெமோர்க்கில் நீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும்போது கனநீர், அதாவது எடை கூடிய ஹைட்ரஜன் கொண்ட நீர், பக்கப்பொருளாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியர் அதை அணு ஆய்வுக்கு எடுத்துப்போக முயன்றனர். 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் சிலர் பனிமூடிய பள்ளத்தாக்கைக் கடந்து சென்று கனநீர்க் கலங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில், மிஞ்சியதை ஏற்றிச்சென்ற படகை ஏரியில் மூழ்கடித்தார்கள். அந்தப் படகில் பயணம் செய்த பொதுமக்களும் இறந்தனர். வீரச் செயல் என்று சொல்லும்போது அவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சட்டத்துக்குள் க்ராஃப்ட் வேறு முகம் காட்டும். ஒரு சட்டம் அமலுக்கு வருவதை 'ட்ரே ஈ க்ராஃப்ட்' என்பார்கள், க்ராஃப்ட்டுக்குள் அடியெடுத்து வைக்கிறது என்று. நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் அமலுக்கு வராத சட்டம் வெறும் தாள். குறித்த நாளில் அதற்குக் க்ராஃப்ட் வந்துவிடும். இனி மாற்றமுடியாத இறுதித் தீர்ப்புக்கு 'ரெட்ஸ்க்ராஃப்டி' என்று பெயர், உரிமையின் வலு ஏறியது என்று பொருள். 'ஈ க்ராஃப்ட் ஆவ்' என்றால் 'இன்ன பதவியின் பேரில்' என்பது போல.

மின்சாரமும் சட்டமும் ஒரே சொல்லில் இருப்பதால் சில சமயம் அவை நேருக்கு நேர் மோதுவதைப் பார்க்கலாம். வடக்கே அல்ட்டா ஆற்றில் அணைகட்டும் திட்டத்தில் முதலில் மாசி என்ற சாமி மக்களின் ஊரே மூழ்குவதாக இருந்தது. சாமி மக்கள் வடக்கு ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகள், கலைமான் மேய்ப்பு அவர்களில் பலருக்கு வாழ்வு. எதிர்ப்பால் ஊர் தப்பியது, ஆனால் ஆறு தப்பவில்லை. 1979-இல் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் கூடாரமடித்துச் சாமி இளைஞர்கள் உண்ணாநோன்பு இருந்தார்கள். 'ஆறு வாழட்டும்' என்பது முழக்கம். 1981 ஜனவரியில் ஏறக்குறைய 600 போலீசார் வந்து சங்கிலியால் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அப்புறப்படுத்தினர். மின்நிலையம் 1987-இல் வந்தது. அதே ஆண்டு சாமி சட்டமும் வந்தது, 1989-இல் சாமி நாடாளுமன்றம் கூடியது. போராட்டத்தில் தோற்ற மக்களுக்கு அந்தப் போராட்டமே ஓர் அவையைப் பெற்றுத்தந்தது.

இரண்டாவது மோதல் இன்னும் சூடாக இருக்கிறது. ஃபோசென் தீபகற்பத்தில் ஸ்டோர்ஹையா, ரோவான் என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகளில் 151 காற்றாலைகள் எழுந்தன. 'வின்க்ராஃப்ட்', காற்று மின்சாரம். பசுமையானது, உலகுக்கு வேண்டியதும்கூட. ஆனால் அது கலைமான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலம். 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையைக் காக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு மீறப்பட்டது, உரிமங்கள் செல்லாது. ஆனால் நின்ற காற்றாலைகளை என்ன செய்வது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அவை சுழன்றுகொண்டே இருந்தன. தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது, 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் எரிசக்தி அமைச்சகத்தின் வாசலறையில் உட்கார்ந்தார்கள். பலர் தங்கள் மரபுடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி அணிந்திருந்தார்கள், அது அவர்களின் எதிர்ப்புக் குறி. அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரில் தெற்கு ஃபோசென் மேய்ப்பர்களோடும், 2024 மார்ச்சில் வடக்கு ஃபோசென் மேய்ப்பர்களோடும் உடன்பாடு ஏற்பட்டது. காற்றாலைகள் நிற்கின்றன. காற்றுக்குக் க்ராஃப்ட் இருந்தது, தீர்ப்புக்கும் க்ராஃப்ட் இருந்தது. ஒன்று கம்பிவழி அன்றன்றே ஓடியது, மற்றொன்று இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. இந்தச் சொல்லைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது, மனம் கனக்கிறது.

ஆட்சியின் அதிகாரத்துக்கு மட்டும் நார்வே மொழி வேறு சொல்லை வைத்திருக்கிறது: 'மக்ட்'. மற்றவர்மேல் செலுத்துவது மக்ட். தன்னுள் இருப்பது க்ராஃப்ட். போலீசாருக்கு இருந்தது மக்ட், கூடாரத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு இருந்ததைக் க்ராஃப்ட் என்று சொல்லலாம். தமிழில் 'சக்தி' என்ற ஒரே சொல்லில் 'அரசியல் சக்தி'யும் 'சக்தி இல்லாமல் படுத்திருக்கிறார்' என்பதும் அடங்கிவிடும்.

உலகம் முழுவதற்கும் நார்வே பரப்பிய கருத்து ஒன்றும் இந்தச் சொல்லில்தான் உட்கார்ந்திருக்கிறது. 'பேரெ' என்றால் சுமத்தல், தாங்குதல். 'பேரெக்ராஃப்ட்' தாங்குவலு. இன்று அது நிலைத்த வளர்ச்சியைக் குறிக்கும் சொல். நார்வேயின் பிரதமராக இருந்த க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்டின் தலைமையில் ஐ.நா. அமைத்த ஆணையம் 1987-இல் அறிக்கை தந்தது. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது, வரும் தலைமுறைகள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியைக் கெடுக்காத வளர்ச்சி என்று அது வரையறுத்தது. தமிழில் 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற மொழிபெயர்ப்பு உண்டு, வளத்தைப் பார்க்கிறது, அழகான சொல். நார்வேச் சொல் சுமப்பவரைப் பார்க்கிறது: இந்தப் பூமியால் எவ்வளவு தாங்க முடியும்?

மனிதர்களிடம் வருவோம். 'ஆர்பைட்ஸ்க்ராஃப்ட்', உழைப்புச் சக்தி. மார்க்சைத் தமிழில் படித்தவர்களுக்கு இது பழகிய தொடர். தொழிலாளி விற்பது உழைப்பை அல்ல, உழைக்கும் சக்தியை என்ற அவருடைய வாதத்தில் வரும் ஜெர்மன் சொல் இதன் உடன்பிறப்பு. நார்வேயின் அன்றாட மொழியில் அது ஆட்களையே குறித்துவிடும், 'ஆர்பைட்ஸ்க்ராஃப்ட் பற்றாக்குறை' என்றால் ஆள் பற்றாக்குறை. 1980-களில் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு அப்படி ஆள் தேவைப்பட்டபோது அங்கே போய் நின்றவர்களில் ஈழத் தமிழர்கள் கணிசமானோர். இரண்டு மாதம் சூரியனே எழாத கரையோர ஊர்களில், கையுறைக்குள் விரல் விறைக்க மீன் வெட்டியவர்கள். புள்ளிவிவரத்தில் அவர்கள் ஆர்பைட்ஸ்க்ராஃப்ட். ஊருக்குப் பணம் அனுப்பியபோது, அந்த வீடுகளின் 'ஷொபெக்ராஃப்ட்', வாங்கும் சக்தி.

சமையலறைக்கு வந்தால் எல்லாம் இலேசாகிவிடும். மாட்டெலும்போ கோழியெலும்போ மீன்தலையோ, கேரட், வெங்காயத்தோடு மணிக்கணக்கில் சிறு தீயில் கிடந்து இறங்கும் சாறுக்கும் பெயர் க்ராஃப்ட்தான். கட்டி வாங்கிக் கரைத்தால் அது 'புல்யோங்', க்ராஃப்ட் ஆகாது. எலும்பின் வலு நீரில் இறங்கியது என்ற எண்ணம் சொல்லிலேயே இருக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கும் வீட்டாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. க்ராஃப்ட்டின் பன்மை 'க்ரெஃப்டெர்', உயிரொலி மாறும். இதையொட்டி ஒலிக்கும் 'க்ரெஃப்ட்' என்பது முற்றிலும் வேறு சொல், புற்றுநோய். நண்டைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது, க்ராஃப்ட்டோடு உறவில்லை. மருத்துவமனையில் 'இப்போது உடம்பில் க்ரெஃப்டெர் குறைவு' என்று சொன்னால் தெம்பு குறைந்திருக்கிறது என்றுதான் பொருள். அரைகுறையாகக் காதில் விழுந்து வீட்டில் அழுகை கிளம்ப வேண்டாம்.

கடைசியாக 'க்ராஃப்டி' என்ற அடைமொழி. வானிலை அறிக்கையில் க்ராஃப்டி மழை, க்ராஃப்டி காற்று என்று நாள்தோறும் வரும். பலத்த, கடுமையான என்று பொருள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'வலு கெதியாப் போட்டான்', 'வலு சந்தோசம்' என்று 'மிக' என்னும் பொருளில் வலு வரும். பேரன் பள்ளிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எஃபெக்ட்டுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால், இலங்கையில் படித்த தாத்தா 'வலு' என்பார். சன்னலுக்கு வெளியே காற்று மரத்தை வளைத்தால் அம்மம்மாவும் 'வலு காத்தடிக்குது' என்பார். அந்தக் காற்றைத்தான் வானொலி க்ராஃப்டி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.